தெரிந்தது எதுவரை: தொழில்நுட்ப இன்டர்வியூவுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

மதுரையில் சாஃப்ட்வேர் வேலைக்கோ, கப்பலூர் சிட்கோ பக்கம் ஒரு கம்பெனியில் இன்ஜினியர் வேலைக்கோ முதல்முறையாக இன்டர்வியூ போகிற பிள்ளைகளிடம் ஒரு பயம் பொதுவாக இருக்கிறது. ‘தெரியாது’ என்று வாய்விட்டுச் சொன்னால் வேலை கைவிட்டுப் போய்விடும் என்கிற பயம். அந்தப் பயத்தில்தான் ரெஸ்யூமேயில் படிக்காததெல்லாம் ஏறுகிறது, செய்யாத புராஜெக்ட் செய்ததாகிறது, பக்கத்து அறையில் நண்பன் உட்கார்ந்து பதில் சொல்லிக் கொடுக்கிறான். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்கிறவன் நான். இங்கிருந்து பார்த்தால் விஷயம் வேறு மாதிரி தெரியும்.

தொழில்நுட்ப இன்டர்வியூவில் கேள்வி எப்படிப் போகும் என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். சுலபமாக ஆரம்பிப்போம். சரியாகச் சொன்னால் அதையே கொஞ்சம் ஆழமாகக் கேட்போம். அதற்கும் பதில் வந்தால் இன்னும் ஆழம். உங்களுக்குத் தெரியாத இடம் வருகிறவரை இது நிற்காது. எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்த இடம் வந்தே தீரும். வரவழைப்பதுதான் எங்கள் வேலை. அது எங்கே வருகிறது, வந்ததும் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்ற இரண்டையும்தான் குறித்துக்கொள்கிறோம். தெரிந்ததும் தெரியாததும் பிரிகிற அந்த எல்லையை நாங்கள் தேடிக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நீங்களே காட்டிவிட்டால் பாதி இன்டர்வியூ முடிந்த மாதிரி.

முதல் படி: ரெஸ்யூமேயை நீங்களே குறுக்கு விசாரணை செய்யுங்கள்

‘ஜாவா, பைதான், சி++, டாக்கர், ஏடபிள்யூஎஸ், மெஷின் லேர்னிங்’ என்று ஒரே வரியில் எழுதிய ரெஸ்யூமேக்கள் கட்டுக்கட்டாக வருகின்றன. கல்லூரி சீனியர் ஒருவர் அனுப்பிய வேர்ட் ஃபைலில் பெயரை மட்டும் மாற்றியது என்பது பார்த்ததும் தெரியும். சில சமயம் சீனியரின் அப்பா பெயர்கூட அப்படியே இருக்கும்.

ஒரு தாளை எடுத்து, எழுதியிருக்கிற ஒவ்வொரு சொல்லையும் மூன்றில் ஒன்றாகப் பிரியுங்கள். கையால் செய்தது, பாடமாகப் படித்தது, பெயர் மட்டும் கேள்விப்பட்டது. மூன்றாவது வகையை அடித்துவிடுங்கள். இரண்டாவது வகை இருக்கலாம், ஆனால் ‘பாடத்தில் படித்தது’ என்று குறிப்பிட்டு எழுதுங்கள். முதல் வகையில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும், அதை வைத்து நீங்கள் செய்த ஒரு வேலை, அதில் மாட்டிக்கொண்ட ஓர் இடம், அதிலிருந்து வெளியே வந்த விதம் ஆகியவற்றைச் சொல்ல முடிய வேண்டும். முடியவில்லை என்றால் அது இரண்டாவது வகை.

இப்படிச் செய்தால் ரெஸ்யூமே பாதியாகக் குறைந்துவிடும் என்று பயப்படுவீர்கள். குறையட்டும். நான்கு சொல் இருந்தால் அந்த நான்கைப் பற்றித்தான் கேட்போம். பன்னிரண்டு இருந்தால் நாங்கள் எதைப் பிடிப்போம் என்று உங்களுக்குத் தெரியாது. அது பெரும்பாலும் நீங்கள் கேள்விப்பட்டதோடு விட்டதாகத்தான் இருக்கும்.

மதிப்பெண் விஷயத்தில் ஒரு சின்னத் திருட்டு அடிக்கடி நடக்கிறது. நிறைய கம்பெனிகள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் கேட்கும். 59.6 வைத்திருப்பவர் 60 என்று போட்டுவிடுவார். மார்க் ஷீட்டை டிஜிலாக்கரிலிருந்தே எடுத்துப் பார்க்கிற காலம் இது. விண்ணப்பத்தில் 59.6 என்றே போடுங்கள். தள்ளுபடி ஆனால் அந்த ஒரு கம்பெனியோடு போகிறது. 60 என்று போட்டு, தேர்வாகி, சேரும் நாளில் மாட்டினால் அந்த நேரத்தில் கைவிட்ட மற்ற வாய்ப்புகளும் சேர்ந்து போகும். சிஜிபிஏவைச் சதவீதமாக மாற்ற உங்கள் பல்கலைக்கழகம் என்ன விதி சொல்கிறதோ அதை மட்டும் பின்பற்றுங்கள்.

அரியர் பற்றிக் கேட்டால், இன்னும் முடிக்காதது எத்தனை, இருந்து முடித்தது எத்தனை என்று பிரித்துச் சொல்லுங்கள். இரண்டும் வேறு வேறு. முடித்த அரியரைப் பெரும்பாலும் யாரும் பெரிதுபடுத்துவதில்லை. படிப்பு முடிந்து இடைவெளி இருந்தால் அதற்கும் காரணத்தை நேராகச் சொல்லுங்கள். டிஎன்பிஎஸ்சிக்கோ பேங்க் தேர்வுக்கோ இரண்டு வருடம் படித்தவர்கள் நம் பக்கம் தெருவுக்கு நாலு பேர். ‘குரூப் 2 படிச்சேன், பிரிலிம்ஸ் தாண்டலை, இனிமே இந்தப் பக்கம்னு முடிவு பண்ணிட்டேன் சார்’ என்று ஒருவர் சொன்னால் அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். அதை மறைக்க ‘ஃப்ரீலான்ஸ் டெவலப்பர்’ என்று போட்டால், ‘யாருக்குச் செஞ்சீங்க, காட்டுங்க’ என்றுதான் அடுத்த கேள்வி வரும்.

இரண்டாவது படி: கடைசி வருடப் புராஜெக்டை உண்மையில் உங்களுடையதாக்குங்கள்

புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கிய புராஜெக்ட் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. ஆனால் பேனலில், அதாவது கேள்வி கேட்கும் குழுவில், உட்காருகிற எல்லோருக்கும் தெரியும். ஒரே முகம் அறியும் வருகைப் பதிவேடு வெவ்வேறு கல்லூரிகளிலிருந்து, ஒரே ஸ்கிரீன்ஷாட்டோடு வருகிறது.

வாங்கியதை வாங்கவில்லை என்று இனி ஆக்க முடியாது. ஆனால் இன்டர்வியூவுக்கு இன்னும் சில வாரம் இருக்கிறது என்றால் ஒரு வழி உண்டு. அந்த புராஜெக்டின் கோட் (code) முழுவதையும் திறந்து வரிவரியாகப் படியுங்கள். ஒரு பகுதியை அழித்துவிட்டு நீங்களே திரும்ப எழுதுங்கள். அது இருமடங்கு நீளமாக, மெதுவாக ஓடினாலும் பரவாயில்லை. பிறகு இன்டர்வியூவில் இப்படிச் சொல்லலாம்: ‘அடிப்படை கோட் வெளியிலிருந்து கிடைச்சது சார். ரிப்போர்ட் வர்ற பகுதியை மட்டும் நான் திரும்ப எழுதினேன். அதைப் பத்திக் கேட்டா சொல்றேன்.’ இதைக் கேட்டு எந்தப் பேனலும் முகம் சுளிக்காது. வேலைக்குச் சேர்ந்தபின் நீங்கள் செய்யப்போவதும் அதுதான். அடுத்தவன் எழுதிவிட்டுப் போன கோட் என்ன செய்கிறது என்று படித்துப் புரிந்துகொண்டு மாற்றுவது.

நான்கு பேர் சேர்ந்து செய்த புராஜெக்டில் ‘நாங்கள்’ என்கிற சொல் எங்கே வரவேண்டும், ‘நான்’ எங்கே வரவேண்டும் என்பதைக் கவனியுங்கள். வருகைப் பதிவேட்டையே எடுத்துக்கொள்வோம். ‘ஒரே மாணவனுக்கு ஒரே நாளில் ரெண்டு பதிவு ஏறாம எப்படித் தடுத்தீங்க?’ என்று கேட்கிறேன். டேட்டாபேஸ் பகுதியைச் செய்தது உங்கள் நண்பர். நீங்கள் திரை வடிவமைப்பு மட்டும்தான். ஒருவர் விழிப்பார், அல்லது ‘அது ஆட்டோமேட்டிக்கா பாத்துக்கும் சார்’ என்பார். இன்னொருவர் இப்படிச் சொல்வார்: ‘டேட்டாபேஸ் நான் செய்யலை சார், என் ஃப்ரெண்ட் செஞ்சான். நானா இருந்தா மாணவர் எண், தேதி ரெண்டும் சேர்ந்து ரெண்டாவது தடவை வராதபடி யுனிக்னு வச்சிருப்பேன்.’ அவருடைய வேலை எது என்பதும், அவருக்கு யோசிக்க வரும் என்பதும் அந்த இரண்டு வாக்கியத்தில் வந்துவிட்டது.

மூன்றாவது படி: போலி எக்ஸ்பீரியன்ஸ் பக்கம் போகாதீர்கள்

சென்னையிலோ பெங்களூருவிலோ ரூம் எடுத்து வேலை தேடுகிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆறேழு மாதத்தில் இந்த அழைப்பு வந்துவிடும். ‘ஃப்ரெஷருக்கு இப்ப வேலை இல்ல தம்பி. மூணு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தர்றோம், ஆஃபர் லெட்டர், பே ஸ்லிப், ரிலீவிங் லெட்டர் எல்லாம் சேர்த்து.’ ரூம் வாடகையும் வீட்டிலிருந்து வரும் போனும் நெருக்குகிற நேரத்தில் இது நியாயம்போலவே கேட்கும். அவர்கள் சொல்லாமல் விடுகிற சில விஷயங்களை நான் சொல்கிறேன்.

பிஎஃப் பிடிக்கிற கம்பெனியில் வேலை பார்த்தவருக்கு யூஏஎன் என்கிற 12 இலக்க எண் இருக்கும். 2014இல் வந்தது. எத்தனை கம்பெனி மாறினாலும் எண் ஒன்றுதான். எந்தக் கம்பெனியில் எந்தத் தேதி சேர்ந்தார், எந்தத் தேதி விலகினார் என்பது அதில் வரிசையாக நிற்கும். பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன், அதாவது நீங்கள் சொன்னது உண்மையா என்ற சரிபார்ப்பு, செய்கிறவர்கள் அந்தப் பக்கத்தைத்தான் கேட்பார்கள். வருமான வரிக் கணக்கிலும் இப்படி ஒரு பக்கம் உண்டு. உங்கள் பெயரில் யார் வரி பிடித்துக் கட்டினார்கள் என்பது அதில் வரும். மூன்று வருடம் நல்ல சம்பளம் வாங்கியதாகச் சொல்கிறவரின் பெயரில் பிஎஃப்பும் இல்லை, வரியும் இல்லை, பேங்க் கணக்கில் மாதாமாதம் சம்பளமும் ஏறவில்லை என்றால் கடிதத்தை எவ்வளவு அழகாக அச்சடித்து என்ன பயன்?

வெரிஃபிகேஷன் முடிவு எல்லா இடத்திலும் சேருவதற்கு முன்னாலேயே வந்துவிடாது. சேர்ந்து இரண்டு மூன்று மாதம் கழித்து வந்து, அன்றே லேப்டாப்பை வாங்கிக்கொண்டு அனுப்பிய கதைகள் உண்டு. வேலைக்குச் சேர்ந்துவிட்டோம் என்று வண்டிக்கு லோன் போட்டிருப்பார்கள், வீட்டில் பெண் பார்க்கக்கூடத் தொடங்கியிருப்பார்கள். சட்டமும் சும்மா இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 340ஆவது பிரிவில், போலி ஆவணத்தை அசலென்று காட்டிப் பயன்படுத்துவது குற்றம். கடிதம் அச்சடித்துக் கொடுத்தவரின் பெயர் எங்கேயும் இருக்காது. ரெஸ்யூமேயில் இருப்பது உங்கள் பெயர்.

இதற்கு நேர்மாறான ஒரு கஷ்டமும் மதுரையில் உண்டு. எட்டுப் பத்துப் பேர் இருக்கிற சின்ன ஆபீஸில் உண்மையாகவே இரண்டு வருடம் வேலை பார்த்திருப்பார்கள், ஆனால் காட்ட ஒரு தாள் இருக்காது. பிஎஃப் சட்டம் பொதுவாக 20 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கிற இடங்களுக்குத்தான். ஆகவே யூஏஎன் இல்லாதது தவறு கிடையாது. சம்பளம் கையில் வாங்கினால்தான் சிக்கல். இப்போது அப்படிப்பட்ட இடத்தில் இருக்கிறீர்கள் என்றால், முதலாளியிடம் பணிவாகக் கேட்டுச் சம்பளத்தை பேங்க்கில் போடச் சொல்லுங்கள், சேர்ந்த தேதியோடு ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். ‘அண்ணே, பின்னாடி லோனுக்குக் கேப்பாங்க’ என்றால் பெரும்பாலும் தந்துவிடுவார்கள். வேறு கம்பெனி இன்டர்வியூவில், ‘சின்ன கம்பெனி, பிஎஃப் கிடையாது, பேங்க் ஸ்டேட்மென்ட் இருக்கு’ என்று ஹெச்ஆரிடம் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். கடைசியில் சொன்னால் உண்மையே பொய் மாதிரி கேட்கும்.

நான்காவது படி: ஆன்லைன் ரவுண்ட்

பக்கத்தில் ஆள் வைத்துக்கொள்வது, காதில் புளூடூத், இன்னொரு திரையில் சாட்ஜிபிடி. எங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்கள். கேள்வி முடிந்ததும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு மௌனம், பிறகு கண் இடமிருந்து வலமாக நகர, பாடப்புத்தகம் மாதிரி ஒரு பதில். நாங்கள் ஒன்றும் சொல்ல மாட்டோம். ‘நல்லது. நீங்க எழுதினதுல அந்த மூணாவது வரியை எடுத்துட்டா என்ன ஆகும்?’ என்று கேட்போம். அதற்கு மேல் ஆள் தாங்குவதில்லை.

‘சார், கேக்கலை சார், நெட் பிரச்சினை’ என்பது இன்னொரு உத்தி. கேள்விக்குப் பதில் தெரியாதபோது மட்டும் நெட் போகிற அதிசயத்தை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம். யோசிக்க நேரம் வேண்டுமென்றால் ‘ஒரு நிமிஷம் யோசிச்சுச் சொல்றேன்’ என்று கேளுங்கள். கிடைக்கும்.

உண்மையிலேயே நெட்டோ கரண்டோ பிரச்சினை வரலாம். ஊரில் திருவிழா, வாசலில் மைக்செட் கட்டியிருக்கிறார்கள் என்றால் முந்தின நாளே மெயில் போட்டு நேரத்தை மாற்றக் கேளுங்கள், அல்லது டவுனில் இருக்கும் நண்பர் வீட்டுக்குப் போய்விடுங்கள். மொபைல் ஹாட்ஸ்பாட்டைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குப் பதில் வேறு ஆள் கேமரா முன் உட்காருவது தனி ரகம். இன்டர்வியூ சமயத்தில் எடுத்த படத்தையும் சேர வந்திருக்கும் முகத்தையும் ஒப்பிடுவது இப்போது சாதாரணம். அடையாள அட்டையைக் கேமரா முன் காட்டச் சொல்வார்கள். இதைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை, செய்யாதீர்கள்.

வீட்டில் செய்து அனுப்பச் சொல்லும் வேலைக்கு விதி கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிலர் ஏஐ பயன்படுத்தலாம் என்பார்கள், சிலர் கூடாது என்பார்கள். எதுவும் சொல்லவில்லை என்றால் கேட்டுவிடுங்கள். பயன்படுத்தினால், எந்தப் பகுதிக்கு என்று ரீட்மீயில் (கோடோடு சேர்த்து அனுப்பும் விளக்கக் குறிப்பில்) இரண்டு வரி எழுதுங்கள். அடுத்த ரவுண்டில் அதே கோட் ஃபைலைத் திறந்து ‘இதை இப்படி மாத்துங்க’ என்பார்கள். தனக்குப் புரியாத ஒரு வரியைக்கூட அனுப்பாதவருக்கு அந்த ரவுண்ட் சுலபம்.

ஐந்தாவது படி: போகிற இடம், போகிற நேரம்

மதுரையில் தமிழக அரசின் எல்காட் நிறுவனத்து ஐடி பார்க் இரண்டு. இலந்தைக்குளம் ஊரின் கிழக்குப் பக்கம், பாண்டி கோயில் ரிங் ரோட்டை ஒட்டி. வடபழஞ்சி மேற்கே, தேனி சாலைப் பக்கம், காமராசர் பல்கலைக்கழகத்தை ஒட்டிய பகுதி. ‘எல்காட்’ என்று மட்டும் மெயிலில் பார்த்துவிட்டு ஆட்டோ ஏறுகிறவர்கள் ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓட வேண்டியிருக்கும். தேனி, உசிலம்பட்டி பக்கமிருந்து வருகிறவர்கள் ஆரப்பாளையத்திலும், மேலூர், சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்தவர்கள் மாட்டுத்தாவணியிலும் இறங்குவீர்கள். எது என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

சித்திரைத் திருவிழா நாட்களில் தல்லாகுளம், கோரிப்பாளையம் வழியாக எதுவும் நகராது. அழகரை மதுரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை அன்று இன்டர்வியூ வைத்த வெளியூர் ஹெச்ஆருக்கு இது தெரியாது. முன்பே சொன்னால் நேரத்தை மாற்றுவார்கள். அன்று காலை பதினொன்றரைக்கு வந்து நின்றுகொண்டு ‘வண்டி பஞ்சர்’ என்றால், அழகர் காரணமாக இருந்தும் பஞ்சரைச் சொல்வானேன் என்றுதான் எங்களுக்குத் தோன்றும்.

‘மாமா சொல்லிவிட்டார்’ விஷயத்துக்கு வருகிறேன். உறவினர் அதே கம்பெனியில் இருந்து உங்கள் பெயரை முறைப்படி ரெஃபரலாகப் போட்டிருந்தால் அது நேர்மையான வழிதான். விண்ணப்பத்தில் அதற்கென்று கட்டம் இருக்கும், அங்கே எழுதுங்கள். அறைக்குள் வந்து அவர் பெயரை எடுக்காதீர்கள். கேள்வி கேட்கிறவருக்கு அது சங்கடம். அதேபோல ‘எந்த ஊரு?’ என்று கேட்டால் ஊர்ப் பெயரோடு நிறுத்துங்கள். பெரும்பாலும் பேச்சுக் கொடுக்கக் கேட்பதுதான். அதற்கு மேல் ‘எந்தத் தெரு, யார் வீடு’ என்று நீண்டால் ‘மேலூர் பக்கம் சார்’ என்று சிரித்துவிட்டு வேலையைப் பற்றிய பேச்சுக்குத் திருப்பிவிடுங்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதற்குப் பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை.

ஆறாவது படி: அறைக்குள்

இங்கேதான் நான் அதிக நேரம் நிற்க வேண்டும்.

‘தெரியாது’ என்பதைச் சொல்ல ஒரு முறை இருக்கிறது. வெறும் ‘தெரியாது சார்’ என்று தலையைக் குனிந்துகொள்வது உண்மைதான், ஆனால் உங்களுக்கு அதில் லாபம் இல்லை. தெரிந்தது எதுவரை என்று சொல்லுங்கள், அதற்கப்புறம் எப்படி யோசிப்பீர்கள் என்று சொல்லுங்கள், ஊகமாக இருந்தால் ஊகம் என்று சொல்லுங்கள்.

டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கும் மொழியான எஸ்க்யூஎல்லில் ஓர் உதாரணம். மாணவர்களுக்கு ஒரு டேபிள், இன்றைய வருகைக்கு ஒரு டேபிள். இன்று வராதவர்களின் பட்டியல் வேண்டும். ஒரு டேபிளில் இருப்பவர்கள் இன்னொன்றில் இல்லாவிட்டாலும் எல்லோரையும் கொண்டுவருவது லெஃப்ட் ஜாயின். எதிரில் இருப்பவருக்கு அது பழக்கமில்லை. அவர் இப்படிப் பேசினார் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

‘இன்னர் ஜாயின் தெரியும் சார். ஆனா அதுல ரெண்டு டேபிள்லயும் இருக்கறவங்கதான் வருவாங்க. வராதவங்க வேணும்னா அது சரிவராது. இந்தப் பட்டியல்ல இல்லாதவங்கன்னு நாட் இன் (NOT IN) போட்டு எழுதிப் பாக்கவா?’

‘எழுதுங்க.’

எழுதுகிறார். சரியாக இருக்கிறது.

‘சரி தம்பி, உள்ள இருக்கற அந்தப் பட்டியல்ல எதுவும் நிரப்பாத ஒரு NULL மதிப்பு வந்துட்டா என்ன ஆகும்?’

‘அந்த ஒரு வரியை விட்டுட்டு மத்தது வரும்னு நினைக்கிறேன் சார். ஊகம்தான், ஓட்டிப் பாத்ததில்லை.’

உண்மையில் ஒரு வரிகூட வராது. பதில் தவறு. ஆனால் இவரை நான் எடுப்பேன். எது தெரியும், எது ஊகம் என்று பிரித்துப் பேசுகிறவர், நாளைக்கு வாடிக்கையாளரின் டேட்டாபேஸில் கைவைக்கும் முன்னால் ‘இதை நான் சோதிச்சுப் பாக்கலை’ என்று சொல்வார். அதே தவறான பதிலை அடித்துச் சொல்கிறவரிடம் எனக்கு அந்த நம்பிக்கை வராது.

சாஃப்ட்வேர் அல்லாத இடத்திலும் இதே கதைதான். தரச் சோதனை வேலைக்கு வந்தவர் கையில் கடைசல் பிடித்த ஒரு தண்டையும் நுட்பமாக அளக்கும் வெர்னியர் கருவியையும் கொடுப்பார்கள். மேசையில் டிராயிங் கிடக்கும், அதில் விட்டம் 25 மில்லிமீட்டர் என்று இருக்கும். தண்டு வேண்டுமென்றே 24.86க்குக் கடையப்பட்டிருக்கும். நிறையப் பேர் டிராயிங்கை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு ‘25 சார்’ என்பார்கள். ஒருவர் முதலில் தாடைகளை மூடி, பூஜ்யம் காட்டுகிறதா, ஜீரோ எரர் இருக்கிறதா என்று பார்ப்பார், இரண்டு மூன்று இடத்தில் அளப்பார், ‘24.86 வருது சார், டிராயிங்ல 25 இருக்கு, நான் திரும்ப அளக்கட்டுமா?’ என்பார். அந்த வெர்னியரின் நுண்மை 0.02 மில்லிமீட்டர்; 24.86க்கும் 25க்கும் நடுவில் இருப்பதைப் பார்க்காமல் விட அதில் வழியே இல்லை. டிராயிங்கைப் பார்த்து அளவு சொல்கிறவர் வேலைக்கு வந்தால் தவறான பாகம் வண்டி ஏறிப் போய்விடும். இதில் கணக்கும் வேண்டாம், ஆங்கிலமும் வேண்டாம்.

கேட்கிற கேள்வியை நீங்கள் முன்பே பார்த்திருந்தால், ‘இதுக்கு விடை எனக்கு முன்னாடியே தெரியும் சார், வேற கேக்குறீங்களா?’ என்று சொல்லிப் பாருங்கள். யாரும் செய்வதில்லை. புதிதாக யோசிப்பதுபோல நடிப்பது எங்களுக்குப் பெரும்பாலும் தெரிந்துவிடும். தடுமாற வேண்டிய இடத்தில் தடுமாறாமல் போவார்கள். வேறு கேள்வி கேட்டு அதில் கொஞ்சம் தடுமாறினாலும் உங்களுக்கு நஷ்டமில்லை.

பேனலில் ஒருவர் குறிப்புக் கொடுத்தால் பிடித்துக்கொள்ளுங்கள். அதைத் தோல்வியாக நினைத்து முதலில் சொன்னதையே பிடிவாதமாகத் திரும்பச் சொல்லாதீர்கள். ஆனால் குறிப்புக்குப் பிறகு விடை வந்தால், ‘இதைத்தான் சார் சொல்ல வந்தேன்’ என்பது வேண்டாம்.

ஆங்கிலம். தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு இது பெரிய சுமை, எனக்குத் தெரியும். மனப்பாடம் செய்த சுய அறிமுகம் அழகாக வரும், அடுத்த வாக்கியத்திலேயே திணறும். அந்தப் பூச்சு வேண்டாம். எளிய ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசுங்கள். ஒரு விஷயத்தை விளக்க முடியாமல் திணறும்போது ‘இதை மட்டும் தமிழ்ல சொல்லட்டுமா சார்?’ என்று கேளுங்கள். மதுரைப் பேனல்களில் பெரும்பாலும் தமிழ் தெரிந்தவர்கள்தான் இருப்பார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேச வேண்டிய வேலை என்றால் ஆங்கிலம் கேட்பது நியாயம். அதற்கு இன்னும் தயாராக இல்லை என்றால் அதையும் சொல்லிவிடலாம். ஐடி கம்பெனிகளில் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உங்களுக்கு ‘சார்’, ‘மேடம்’ தான் வாயில் வருகிறது என்றால் அப்படியே கூப்பிடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

ஏழாவது படி: ஏற்கெனவே வேலையில் இருக்கிறவர்களுக்கு

இப்போதைய சம்பளத்தைக் கூட்டிச் சொல்லாதீர்கள். பே ஸ்லிப்பும், சம்பளத்தில் வரி பிடித்ததற்குக் கம்பெனி தரும் சான்றும் கேட்பார்கள். சொல்ல விருப்பமில்லை என்றால், ‘எதிர்பார்ப்பு இவ்வளவு, இப்போதைய சம்பளத்தைச் சொல்ல விரும்பலை’ என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மறைப்பது வேறு, மாற்றிச் சொல்வது வேறு. நோட்டீஸ் பீரியட் 90 நாள் என்றால் 30 என்று சொல்லி ஆஃபர் வாங்கிவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

பழைய கம்பெனியின் கோட் ஃபைல்களையோ வாடிக்கையாளர் விவரங்களையோ பென் டிரைவில் எடுத்துவந்து ‘நான் செஞ்சது சார்’ என்று காட்டுகிறவர்கள் உண்டு. அதைத் திறக்கும் முன்பே ஆள் வேண்டாம் என்று முடிவாகிவிடும். இன்று அவர்களுடையதை எங்களிடம் காட்டுகிறவர் நாளைக்கு எங்களுடையதை வேறு இடத்தில் காட்டுவார். என்ன சிக்கல், எப்படித் தீர்த்தீர்கள் என்று வாயால் சொன்னால் போதும். பழைய மேனேஜரைத் திட்டுவதும் வேண்டாம். அவர் உண்மையிலேயே மோசமானவராக இருந்தாலும், ‘வேலை நேரம் ஒத்துவரலை’ என்பது உண்மைதான், போதுமானதும்தான்.

எட்டாவது படி: அவர்களையும் சோதியுங்கள்

நேர்மை ஒரு பக்கத்துக் கடமை மட்டும் கிடையாது. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப் டெபாசிட் என்று எந்தப் பெயரில் காசு கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். முறையாக ஆள் எடுக்கிற கம்பெனி வேலை தருவதற்குக் காசு வாங்காது. கம்பெனிப் பெயர் பெரிதாக, ஆனால் மெயில் மட்டும் ஜிமெயிலிலிருந்து வந்தால் சந்தேகப்படுங்கள். கம்பெனியின் இணையதளத்தில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள். நகையை அடகு வைத்துக் கட்டிவிட்டு நிற்கிற குடும்பங்களைப் பார்க்கச் சகிக்காது. ஆன்லைனில் பணம் கட்டி ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் போன் செய்யுங்கள். தாமதமாகத் தாமதமாகப் பணம் கை மாறிக்கொண்டே போகும்.

அசல் சான்றிதழைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள், அசலைத் திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். வேலையில் இருக்கும்வரை அசலை வைத்துக்கொள்கிறோம் என்கிற இடத்தில் சேருவதற்கு முன் நன்றாக யோசியுங்கள். பாண்ட் இருந்தால் எத்தனை வருடம், விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று தாளில் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்றால் நல்ல கம்பெனி மறுக்காது. மாதம் கையில் வருவது எவ்வளவு, இரவு ஷிப்ட் உண்டா, வேலை மதுரையிலா அல்லது பயிற்சி முடிந்ததும் வேறு ஊரா என்பதையெல்லாம் கடைசி ரவுண்டில் தயங்காமல் கேளுங்கள்.

ஒன்பதாவது படி: ஆஃபர் வந்தபிறகும், வராவிட்டாலும்

இரண்டு ஆஃபர் வந்தால் ஒன்றை வேண்டாம் என்று சொல்லித்தான் ஆக வேண்டும். முடிவு செய்த அன்றே ஒரு மெயில் போடுங்கள். சேரும் நாள் காலையில் போனை அணைத்துவிடுவது இங்கே பழக்கமாகிவிட்டது. உங்களுக்காக வைத்த இடத்தில் வேறொருவர் காத்திருந்திருப்பார். மதுரையில் ஹெச்ஆர் வட்டம் சின்னது, ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள் அதிகம்.

கிடைக்கவில்லை என்றால் எந்தப் பகுதியில் குறை என்று கேட்டு எழுதலாம். எல்லோரும் பதில் போட மாட்டார்கள், சிலர் போடுவார்கள். மறுபடி விண்ணப்பிக்க ஆறு மாதம் போல இடைவெளி கேட்கிற கம்பெனிகள் நிறைய. அந்த இடைவெளியைத் தாண்டுவதற்காகப் புது மெயில் ஐடி தொடங்கி, தேதிகளைக் கொஞ்சம் நகர்த்தி, புது ரெஸ்யூமே அனுப்பாதீர்கள். பழையது அவர்கள் கணினியில் அப்படியே இருக்கும். உங்கள் போன் நம்பரைப் போட்டுத் தேடினால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும்.